சுடாத பாதம்

கரங்கான் ஊரில் எண்ணெய்ச் செம்பனைக் குலை லோரி ஓட்டும் அய்யாவுக்குப் போன வருடத் தீமிதியிலிருந்து தலைக்கனம் கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பூக்குழியில் ஓட, இவர் மட்டும் பசாருக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார். ஆத்தாவே தாங்கிக்கொண்டாள் என்று ஊர் பேசியது. அவரும் நம்பினார். உடம்பில் இனிப்பு நீர் வியாதி இருப்பதை யார் நினைத்தார்கள்?

இந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முன்னால், அவர் சிலிப்பரில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள் மனைவி பிரேமாவதி. உள்ளங்காலில் செம்பனை முள் ஏறியிருந்தது. மனிதருக்குத் தெரியவே இல்லை.

"இது ஆத்தா அருளா, வியாதியா? தெரியாம நீங்க குழியில எறங்கக்கூடாது" என்று சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

டாக்டர் கென்னத் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். "அங்கிள், இது லேசர். தோலத் தொடாது, சூடு மட்டும்தான் குடுக்கும். நரம்பு நுனியில குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. சூடு பட்டா தெறக்கும், உப்பு உள்ள போகும், நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். சுருக்குன்னா சொல்லுங்க."

கையில் பட்டதும் "ஐயோ!" என்று துள்ளினார். பிரேமாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது வலது பாதம். அய்யாவு காத்திருந்தார். "எப்ப அடிப்பீங்க டாக்டர்?"

"அடிச்சிட்டேன் அங்கிள். பல தடவ."

அய்யாவு குனிந்து தன் பாதத்தையே பார்த்தார். செத்த நரம்போடு நடந்ததற்கா ஊர் அத்தனை மாலை போட்டது? காலில் உணர்ச்சி போனதைவிட அந்தப் பெருமை போனதுதான் பாவம் அவரை அதிகம் உலுக்கியது.

இடது பாதத்துக்கு வந்தார்கள். குழியருகே 'தாயே, சுடாதே' என்று வேண்டியவர், இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு 'தாயே, சுடு' என்று வேண்டினார். விரலில் ஒன்றுமில்லை. நடுப்பாதத்திலும் இல்லை. குதிகாலுக்கு மேலே ஊசி குத்தியது போலச் சுருக்கென்றது.

"சுடுது டாக்டர்! சுடுதுலா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். பிரேமாவதி அந்தக் காலையே கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க நரம்பு உயிரோட இருக்கு. இனிப்பு நீரக் கொறச்சு, இருக்கறதயாவது காப்பாத்துங்க" என்றார் டாக்டர்.

காப்புக் கட்டும் நாளில் கோயில் தலைவர் மனோகரன் மஞ்சள் கயிற்றோடு கூப்பிட்டார். "வாங்கண்ணே, ஒங்களுக்கு என்னா! நெருப்பு சுடவா போகுது?"

அய்யாவு எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"எனக்குக் கட்டாத தம்பி. நான் குழிக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். மிதிச்சு வர்றவங்கள்ல யாரு சுடவே இல்லன்னு சொல்றாங்களோ, அவங்கள எங்கிட்ட அனுப்பு."