ஒரே எண்ணில் இருவர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த மூத்தவளுக்கும் அவள் தங்கைக்கும் உண்மையில் இரண்டு வயது வித்தியாசம். காகிதத்தில் அது கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் அம்மாவோடு எல்லையைக் கடந்து வந்தபோது, பதிவு எழுத்தர் வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைத்துப்போய், மூத்தவளின் பிறந்த தேதியையே இளையவளுக்கும் போட்டுத் தள்ளிவிட்டார். அட்டையில் இருவரும் இரட்டையர் ஆனார்கள். தாமதமாகத் திறந்த அகதி முகாம் பள்ளி போன வருஷம் எட்டாவதோடு முடிந்துவிட, வெளிப் பள்ளியில் இடம் கேட்டுப் போன இளையவளை, வயது கூடிப்போச்சு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தேதி செய்த வேலை அது.

அதனால்தான் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு முகாம்காரர்களில் ஒருவருக்கு இடம் உண்டு என்று தெரிந்ததும் இருவருமே விண்ணப்பித்தார்கள். கணக்கில் ஒரு தேர்வு, பிறகு ஒரு கட்டுரை.

பதில் கடிதம் மூத்தவளின் விண்ணப்ப எண்ணைப் போட்டு வந்தது. சூடு ஆறாத படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றபடியே பிரித்தாள். இடம் கிடைத்திருந்தது. கணக்கில் தொண்ணூற்றொன்று. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வரியில் பொத்தென்று இறங்கினாள். எல்லையைக் கடக்கும் முன் பேருந்துக் கொட்டகையில் காத்திருந்த நாட்களில், சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தே கூட்டல் கழித்தல் கற்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையை நாங்கள் மறக்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. அவள் எழுதியது அதுவல்ல. ரத்தக் கறையை ஏன் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும் என்றல்லவா எழுதியிருந்தாள்!

வீட்டில் தங்கை கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"இது என் கட்டுரை, அக்கா."

"நம்பர் என்னோடது. மார்க்கும் என்னோடதுதான், நீ கணக்குல எவ்வளவு வாங்குவேன்னு எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சுருக்கென்று சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அட்டவணையைப் படித்தது நான், நீ என் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய் என்றும் சேர்த்துச் சொன்னாள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிமேல் ஏறி நின்று எழுத்தைத் தொட்டது விரலிலேயே இருக்கிறது என்றாள். கடைசியில் அம்மாவிடம் பஞ்சாயத்து போனது. அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தீங்க. சத்தம் போட்டுப் படிச்சது உங்க அப்பா."

அப்பா அந்தக் கொட்டகையிலிருந்து வேறு பேருந்தில் ஏற்றப்பட்டவர். அதன்பின் தகவல் இல்லை. மூத்தவளுக்கு அட்டவணை கண்ணுக்குள் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அதைப் படித்த குரல் யாருடையது என்று யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

மறுநாள் இருவரும் பயிற்சி அலுவலகம் போனார்கள். முதல் ஜன்னலில் எண்தான் கணக்கு, மூத்தவள் சேரலாம் என்றார்கள். இரண்டாவதில் கட்டுரைதான் முக்கியம், இளையவள்தான் சேர வேண்டும் என்றார்கள். மூன்றாவதில் உட்கார்ந்திருந்தவர் இருவரின் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் அனுப்பினார்.

மேலதிகாரி அம்மாள் கோப்பைத் திறந்து வெகுநேரம் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஒரே குடும்பப் பெயர், ஒரே தேதி என்பதால் கணினி இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தது. அக்காவின் மதிப்பெண்ணும் தங்கையின் கட்டுரையும் ஒரே ஆளுக்குப் போயிருந்தன.

"நாங்க தேர்ந்தெடுத்த ஆளே உலகத்துல இல்லம்மா," என்றார். இரண்டையும் பிரித்துத் திரும்ப மதிப்பிட்டால் இருவருக்குமே கிடைக்காமல் போகலாம், இடம் வேறு முகாமுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். "தப்பு எங்க பக்கம். வெளிய போய் நீங்களே பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. அந்தப் பேரையே எழுதிடறேன்."

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக விட்டுக்கொடுப்பது மூத்தவள்தான். புதுத் துணி, ஜன்னலோர இடம், எல்லாம் அவள் வாயிலிருந்து தானாகவே 'நீ வெச்சுக்கோ' என்று வந்துவிடும். அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு வேணும்டி," என்று வந்தது.

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள். இருவரும் உள்ளே போய் மூத்தவள் பேரைச் சொன்னார்கள்.

அதிகாரி ஒன்று செய்தார். இளையவளின் பிறந்த தேதியைத் திருத்த, முகாம் பதிவேட்டையும் அம்மாவின் வாக்குமூலத்தையும் சேர்த்து அவரே கடிதம் எழுதினார். இரண்டு மாதத்தில் புது அட்டை வந்தது. அட்டையில் பத்தொன்பது வயதுக்காரி பதினேழு ஆனாள். வெளிப் பள்ளியில் பதினேழு வரை சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில், வகுப்பிலேயே உயரமானவளாக உட்கார்ந்தாள்.

மூத்தவள் சலவைக்கூடத்தை விட்டு, அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களோடு பழகினாள். வேலை பிடித்திருந்தது. பாடமும் புரிந்தது. புரியாதது வீட்டில் இருந்தது. தங்கை முன்போலவே பேசினாள், சிரித்தாள், கணக்கில் சந்தேகம் கேட்டாள். ஆனால் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டாளா, மறந்துவிட்டாளா, அல்லது அப்படியே உள்ளே வைத்திருக்கிறாளா? பலமுறை கேட்க நினைத்து நாக்கு நுனி வரை கொண்டுவந்தாள். அப்போதெல்லாம் தங்கை தலையைத் தூக்காமலே, "அக்கா, இந்த நாலாவது கணக்கு வரவே மாட்டேங்குது," என்று நோட்டை நகர்த்துவாள். மூத்தவளும் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.