வெயில் காட்டிய முகம்

பிளாரன்ஸுக்கு இரண்டு கன்னத்திலும் கரும்படலமாக மங்கு விழுந்திருந்தது. பெண் பார்க்க வந்த மெட்டில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மங்குதான, கெடக்கட்டும்" என்று தன் மகன் அம்புரோஸுக்குப் பேசி முடித்துவிட்டுப் போனாள். வினை போட்டோவில் வந்தது. கப்பலில் இருந்த மாப்பிள்ளைக்கு அனுப்ப எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் மங்கு முழுவதையும் அழித்துவிட்டார். அந்த முகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதாக அம்புரோஸ் கடுதாசி போட்டான். அன்றிலிருந்து பிளாரன்ஸ் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

கொழும்புக்குத் தோணியில் போய்வரும் அண்ணன் வளன், மங்கு போக ஒரு டப்பா கிரீம் கொண்டுவந்தான்.

"ஏளா, ராத்திரி மட்டும் தடவு. விடிஞ்சதும் கழுவிரு. வெயில் படவே கூடாதாம்."

"சரிண்ணே" என்றாள். அது காதோடு சரி. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். அதற்குள் ராத்திரித் தடவல் எந்த மூலைக்கு? உப்பளத்தில் வளர்ந்தவளுக்கு வெள்ளையாக்குவது என்றால் வெயில்தான். கலங்கல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயில் காட்டினால் வெள்ளை வெளேரென்று உப்பாகிறது. வெறும் தோல் வெயிலில் கறுக்கும் என்று தெரியாதவள் இல்லை. மருந்து போட்ட தோலை அதே வெயில் வெளுக்கும் என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள். காலையிலேயே கிரீமை அப்பி, தலைத்துண்டையும் அவிழ்த்துப்போட்டு, பாத்தியில் நின்று உப்பு வாரினாள்.

நாலாம் நாள் முகம் எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் அப்பினாள். ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. உரிந்த இடமெல்லாம் அடுப்புச் சட்டியின் அடி மாதிரி கறுத்து, நெற்றி வரைக்கும் ஏறியது. இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசையில் முக்காட்டை இழுத்து விட்டவள் நிமிரவே இல்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், வீட்டில் அவள் மட்டும் இருந்தபோது, டெரிலின் சட்டையும் கையில் பெட்டியுமாக ஒருவன் வாசலில் நின்றான். மெட்டில்டா கொடுத்துவிட்ட படத்தில் பார்த்த அம்புரோஸ்தான்.

"அக்கா, பிளாரன்ஸ் இருக்காளா?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஸ்டூடியோப் படத்தை எடுத்து, துடைத்து, அவளிடமே நீட்டினான்.

"இவதான். கப்பல்லேர்ந்து நேரா வாரேன். வீட்டுக்குக்கூடப் போவல. ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்க்கா."

பிளாரன்ஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கே அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. இவள்தான் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனுடைய இந்தச் சிரித்த முகம் என்னவாகும் என்று நினைத்ததுமே நெஞ்சு விட்டுப்போயிற்று. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவனுக்கு எப்படிக் கழுத்தை நீட்டுவது?

"அவளுக்கு இஷ்டமில்லயாம்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு ஓல வாசிக்க வேண்டாம்னு சாமியார்ட்ட சொல்லிருங்க, தம்பி."