இருட்டாகவே பிரிண்ட் எடுக்கவும்

சினிமா லேபில் எனக்குச் சுண்ணாம்பு என்று பட்டப்பெயர். எந்தப் படம் வந்தாலும் வெள்ளையடித்து அனுப்புவேனாம். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு ஒளி விடுவது என்று எண் போடுவது என் வேலை. நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ்; எண்ணைக் குறைத்தால் படம் வெளுக்கும். கதாநாயகி முகம் தெரியவில்லை என்று ஒரு தயாரிப்பாளரும் என்னைத் திட்டியதில்லை. அதில் எனக்குக் கர்வம் வேறு.

லேபை மூடிப் பல வருடம் கழித்து, பழைய படங்களைப் புதுப்பிக்கும் ஓர் இடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். யாரும் சீண்டாத ஒரு பேய்ப்படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வைப்பது என்று குழப்பமாம். அதில் வேலை செய்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். 

போனேன். சுவருக்குக் கறுப்பு அடித்த சின்ன அறை. பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். செத்துப்போன டைரக்டரின் மனைவி.

"தியேட்டர்ல ஓடின பிரிண்ட் இப்படி இருக்கு சார்" என்று அந்தப் பெண் திரையைக் காட்டினாள். "ஆனா நெகட்டிவ் டப்பாக்குள்ள இந்தச் சீட்டு இருந்துச்சு. எது சரி?"

'இருட்டாகவே பிரிண்ட் எடுக்கவும். தவறு அல்ல.'

டைரக்டர் எழுதிய அந்தச் சீட்டை, படம் லேபுக்கு வந்த அன்றைக்கே நான் படித்திருந்தேன். கேமராமேன் சொதப்பியதற்குச் சப்பைக்கட்டு என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணி, எண்களைக் குறைத்தேன். வெளியிடும் தேதி நெருங்கியதால் முதல் பிரிண்ட்டை டைரக்டருக்குப் போட்டுக் காட்டக்கூட நேரமில்லை. தியேட்டரில், அலமாரி ஓரத்தில் நின்ற பேய் காட்சியின் முதல் நிமிடத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. "பஸ்ஸுக்கு நிக்குதுடா!" என்று எவனோ கத்த, கொட்டகையே சிரித்தது. நாலாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

டைரக்டர் லேபுக்கு வந்து முதலாளி முன்னால் என்னைக் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், "நெகட்டிவே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு ஒருவரும் படம் கொடுக்கவில்லை.

இப்போதும் பழைய பிரிண்ட்தான் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். என் மானம் தப்பும். படம் என்றென்றைக்கும் கேலிக்கூத்தாகவே கிடக்கும்.

"வெளிச்சத்தை இறக்கும்மா" என்றேன். "இன்னும் இறக்கு. பயப்படாதே."

பங்களா இருட்டில் மூழ்கியது. இரண்டாந்தாரமாக வந்தவள் ஒற்றை விளக்கோடு அறை அறையாக நடந்தாள். ஓதம் ஏறிய சுவர், அசையாத திரைச்சீலை, வெளியே மழை. அவள் உட்கார்ந்து தலை வாரினாள். நாலு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு விளக்கை ஒரு சாண் நகர்த்தினாள். அலமாரியின் நிழல் என்று இவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது செத்துப்போன மூத்தவள். முதலிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறாள். எனக்கு முதுகு சில்லிட்டது. என்ன மனுஷன் அவர்! எப்பேர்ப்பட்ட படத்தை நான் நாசமாக்கியிருக்கிறேன்!

விளக்கைப் போடச் சொல்லி, எழுந்து அந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, வெளிச்சத்தை ஏத்தினது நான்தான். சீட்டைப் படிச்சிட்டுத்தான் ஏத்தினேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

திட்டுவார், அறைந்தாலும் அறைவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு அப்பவே சொன்னாரு" என்றார். "லேப்ல கெடுத்துட்டாங்கன்னு வீட்டுக்கு வந்து அழுதாரு. நானும் தியேட்டர்ல எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சவதானே? 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னு சொல்லிட்டேன்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோட இருந்தாரு. சாப்பாடு வை, கதவச் சாத்து, இவ்வளவுதான் பேச்சு. நான் செஞ்ச தப்பு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லைங்க."