வெள்ளிக்கிழமைப் புள்ளி

விபின் கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவதற்குள் நான் செய்த ஆப், ஸ்டோரில் ஏறிவிட்டால் ஜெயபாய் மாமி அமரவிளை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஏறாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மாமியை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான். இதை இங்கிலாந்திலிருந்து வீடியோ காலில், பல் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான்.

விபின் எனக்கு மாமன் மகன், ஜெயபாய் மாமியின் ஒரே பிள்ளை. சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு இருந்தது. நல்லவேளை, நடக்கவில்லை. அவன் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ரெஜிலா, பாறசாலை ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடியறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆப் செய்து கொடுக்கிறவள். பலசரக்குக் கடைக்குச் செய்திருக்கிறேன், டியூஷன் சென்டருக்குச் செய்திருக்கிறேன், ஒரு பன்றிப் பண்ணைக்கும் செய்திருக்கிறேன். பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர்தான் இதுவரை என்னைத் தொந்தரவு செய்யாதவர்.

விபின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. போன வருடம் சர்க்கரை தாழ்ந்து மாமி அடுக்களையில் விழுந்து கிடந்தாள். மதியம் மீன்காரி வந்து கூப்பிட்டுப் பதில் இல்லாமல் எட்டிப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அதனால் நான் ஓர் ஆப் எழுதினேன். காலையில் வெகுநேரம் போன் அசையாமல் கிடந்தால் பக்கத்து வீடுகளுக்கு மெசேஜ் போகும். இவ்வளவுதான் என் யோசனை. விபினுக்கு அது போதவில்லை. அம்மா எங்கே நிற்கிறாள் என்று எந்நேரமும் மேப்பில் தெரிய வேண்டுமாம்.

“அம்மைக்க போனுக்கு ஆரெல்லாம் விளிக்கியானுவன்னும் எனக்குத் தெரியணும், எட்டி. ஓடிபி கேட்டு ஏமாத்துத களவாணிக உண்டு.”

“ஓடிபி கேட்டவன்கிட்ட பாவமன்னிப்பப் பத்திப் பேசி, அவனையே போனை வைக்க வச்சவளாக்கும் மாமி.”

“நான் சொன்னத நீ போடு.”

போட்டேன். ஸ்டோரில் இல்லாத ஆப்பைத் தன் போனில் ஏற்றமாட்டேன் என்று வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். விஷயம் எப்படியோ எங்கள் சபைக் கமிட்டிக்கும் எட்டியது. பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும், பெற்றவர்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக. எங்கள் சபையில் பாதி வீடு அப்படித்தான். ஆகவே சபையின் பெயரிலேயே ஆப் வரட்டும், எல்லா முதியோருக்கும் பயன்படட்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

முதல் நிராகரிப்பு ஒரு வாரத்தில் வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்ற பதிவையும் மெசேஜ் அனுப்பும் வசதியையும் தொடுவது மிகுந்த ஜாக்கிரதைக்குரிய அனுமதி. இந்த ஆப்புக்கு அது இல்லாமல் முடியாது என்பதற்கான காரணம் போதாது என்றார்கள். எங்கேயோ ஏசியில் இருக்கும் ஒருவனுக்கு அமரவிளை அடுக்களையைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டிக்கொண்டே கால் பதிவை எடுத்தேன். மெசேஜை மாமியின் போனிலிருந்து அனுப்பாமல் எங்கள் சர்வரிலிருந்து அனுப்பும்படி மாற்றினேன். விபின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது ஒரு நிம்மதி.

அடுத்து, ஆப் மூடிக் கிடக்கும்போதும் இருப்பிடத்தை எடுப்பது எதற்கு என்று கேட்டார்கள். அது நடப்பதைக் காட்டும் சின்ன வீடியோ வேண்டும், அரை நிமிஷம் போதும் என்றார்கள். நான் மொபைல் திரையையே பதிவுசெய்து அனுப்பியிருப்பேன். ஆனால் கமிட்டி செயலாளர் அருமநாயகம் விடவில்லை. தாலுக்கா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். காகிதத்தைக் கண்டால் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாத மனிதர்.

“வெளிநாட்டுக்காரன் பாக்கியதாக்கும். சபைக்க மரியாத இருக்குல்லா? மொறையாட்டு செய்யணும்.”

முறையாகச் செய்தார்கள். சபை ஹாலில் பேனர் கட்டி, குத்துவிளக்கு வைக்கலாமா கூடாதா என்று ஒரு சண்டை போட்டு, கடைசியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். போதகர் ஆரம்ப ஜெபம் செய்தார். அருமநாயகம் வரவேற்புரை. பெண்கள் சங்கம் ஒரு பாட்டு. தலைவர் உரை. அதற்குப் பிறகுதான் என் போன் திரை வந்தது, கொஞ்ச நேரம். பிறகு நன்றியுரை. நான் வெட்டிச் சுருக்கக் கேட்டேன். ஜெபத்தை வெட்டுவதா என்று போதகர் முகம் சுளித்தார். பத்து நிமிஷத்துக்கு மேல் நீண்ட அந்த வீடியோ அப்படியே போனது. ‘அனுமதி பயன்படும் இடம் இந்த வீடியோவில் காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. பார்த்தவன் பாட்டு வரையாவது இருந்திருப்பானா என்பது சந்தேகம்.

மூன்றாவது, தகவல் பாதுகாப்புக் கொள்கை. யாருடைய எந்தத் தகவலை எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று எழுத வேண்டும். நான் எழுதி வைத்திருந்ததை அருமநாயகம் அடித்துத் திருத்தி, ஆங்கிலத்தில் தானே ஒன்று எழுதினார். அதன் சாரம் இது: ‘எங்கள் சபையார் அனைவரும் ஒரே குடும்பம். ஒருவருக்கொருவர் மறைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.’ அதை எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். மனைவிக்குத் தெரியாமல் களியக்காவிளையில் சீட்டுப் போட்டிருப்பவரும் கைதட்டினார், நான் பார்த்தேன். ஸ்டோர்க்காரன் கைதட்டவில்லை.

இதற்கிடையே சோதனைக்காக மாமியின் போனில் ஆப்பை ஏற்றியிருந்தேன். “சும்மா பரிசோதிக்கியதுக்கு மாமி” என்றேன். “நீ என்னத்தயாவது செய்யி பிள்ளே, எனக்கு பைபிள் ஆடியோ நிக்காம இருந்தாப் போதும்” என்று போனைக் கொடுத்தாள். மேப்பில் மாமியை ஒரு நீலப் புள்ளியாக என் மாடியறையிலிருந்து பார்த்தேன். வீடு, கடை, சபைக் கோயில், வீடு. வெள்ளிக்கிழமை காலையில் புள்ளி பஸ் ஏறியது. பாறசாலையில் மாறியது. பொழியூரில், கடலுக்கு வெகு அருகில், சாயங்காலம் வரை நின்றது. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும்.

எனக்கு உடனே புரிந்தது. பொழியூரில் மாமியின் தங்கை சத்தியபாய் இருக்கிறாள். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற ஒருவரை விரும்பி, அவர்கள் சபையில் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டவள். என் மாமன் அன்றோடு அவளை ஒதுக்கி வைத்தார். மாமன் இறந்தபோது சத்தியபாய் கல்லறைத் தோட்டம் வரை வந்தாள். விபின் வாசலிலேயே மறித்து, ஒரு பிடி மண்ணள்ளிப் போடக்கூட விடாமல் அனுப்பினான். “அந்த வீட்டு நடைய நீங்க மிதிச்சா எனக்கு அம்மை இல்லை” என்று எல்லோருக்கும் கேட்கும்படி மாமியிடம் சொன்னான். மாமி அவனுக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறினாள்.

பிறகு ஸ்டோரிலிருந்து கடைசி நிபந்தனை வந்தது. இது ஒருவரை இன்னொருவர் கண்காணிக்கும் ஆப். கண்காணிக்கப்படுகிறவரிடம், அவருக்குப் புரிகிற மொழியில், என்ன எடுக்கிறோம், யார் பார்க்கிறார் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அவர் மறுத்தால் ஆப் வேலை செய்யக்கூடாது. நான் அதை மூன்று தடவை படித்தேன். இத்தனை மாதம் ஜெபம், பாட்டு, தீர்மானம், கொள்கை எல்லாம் நடந்தன. மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் திட்டித் தீர்த்த அந்த முகம் தெரியாத ஆளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது.

மாமி பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். தமிழை வேதாகமத்தில் படித்துக்கொண்டாள், இப்போது வாசிப்பதெல்லாம் தமிழ்தான். ஆகவே சம்மதம் கேட்கும் திரையைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். ஆப்புக்கு நான்கு நாளில் அனுமதி கிடைத்தது. ஞாயிறு ஆராதனையில் அருமநாயகம் அதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று அறிவித்தார்.

இப்படியொரு கேள்வி வரும் என்று மாமியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன், சொல்லாமல் சாயா குடித்துவிட்டு வந்தேன். சம்மதித்தால் தங்கை போய்விடுவாள், மறுத்தால் வீடு போய்விடும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் பொழியூர் போகவும் வழியில்லை. அசையாமல் கிடக்கிறது என்று பக்கத்து வீடுகளுக்கு மெசேஜ் போய்விடும். அந்த வேலையை நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

விபின் வந்த மறுநாள் அமரவிளைக்குப் போனேன். சாக்லேட் டப்பாவை என்னிடம் நீட்டிவிட்டு, மாமியின் போனில் அவனே ஆப்பை ஏற்றினான். சம்மதத் திரை வந்தது. அவன் விரல் போவதற்குள் மாமி போனை வாங்கிக்கொண்டாள்.

“எனக்க போன்தானே. நான் வாசிக்கேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயிலில் வேதபாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். “நீங்கள் எங்கே போகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பதை இந்த ஆப் எடுத்துக்கொள்ளும். ஆப்பை மூடி வைத்திருந்தாலும் எடுக்கும். அதை உங்கள் மகன் எந்நேரமும் பார்ப்பார். சம்மதமா?”

“அம்மோ, சும்மா ஒரு சடங்காக்கும் அது. சம்மதம்னு அமத்துங்க.”

மாமி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“முந்தி நீ ஏத்தினதும் இதுதானா?”

“ஓ மாமி.”

“அப்போ உனக்கு எல்லாம் தெரியும்.”

“தெரியும்.”

“நீ ஆரிட்டயும் செல்லல்ல?”

“செல்லல்ல மாமி.”

விபின் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னத்த செல்லல்ல?” என்றான். மாமி கீழே இருந்த பொத்தானை, அதுதான் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, அழுத்தினாள். ‘சம்மதமில்லை.’ ஆப் மூடிக்கொண்டது.

“அம்மைக்கு புத்தியும் வெளிவும் இல்லியா? வீட்ட விட்டுப் போணும், தெரியுமா?”

“தெரியும் மக்கா. நீ கேட்டதுக்குப் பதில் செல்லியாச்சு. நீ கேக்கவும் இல்ல, இந்த போனாக்கும் கேட்டது.”

விபின் என்னை முற்றத்துக்கு இழுத்துப்போய், அந்தத் திரை இல்லாமல் தனியாக ஒன்று செய்துதரச் சொன்னான். முடியாது என்றேன். முடியும், செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவனை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல இருந்தது. சாக்லேட் டப்பாவைத் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் வீடு பூட்டப்பட்டது. நெய்யாற்றின்கரைக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்த இல்லத்துக்குப் போய் மாமியைப் பார்த்தேன். சுத்தமான இடம். கஞ்சிக்குப் பயறு, நேரத்துக்கு மாத்திரை. போனை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் கொடுக்கிறார்கள். மாமியின் கட்டிலுக்கு எதிரே சுவரில், கதவுக்கு மேலே, ஒரு கேமரா இருந்தது. விபின் அங்கிருந்தே பார்க்கிறானாம். அந்தக் கேமராவின் ஆப் ஸ்டோரில்தான் இருக்கிறது. அன்றைக்கே தேடிப் பார்த்தேன். அதுவும் சம்மதம் கேட்கத்தான் செய்கிறது, விபினிடம். கட்டிலில் படுத்திருப்பவரிடம் கேட்க அதில் இடமே இல்லை.

“சத்தியபாய் வந்தாளாம்” என்றாள் மாமி, உதடு அசையாமல். “ரெண்டு பஸ் மாறி, மீனும் பொரிச்சுக் கொண்டு. மகன் செல்லிய ஆளயாக்கும் உள்ள விடுவினும். கேட்டுல வச்சே பறஞ்சு விட்டுட்டினும். வாச்மேன் மறுநாள் செல்லித்தான் நான் அறிஞ்சேன்.”

என் போனில் சத்தியபாயின் எண்ணை அழுத்தி, மாமியின் கையில் வைத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. மாமி அதைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. சுவரைப் பார்த்தாள்.

“பிள்ளே, அது படம் மட்டும் எடுக்குமா, சத்தமும் கேக்குமா?”

அந்த மாடலை எனக்குத் தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“சத்தமும் கேக்கும் மாமி.”

சத்தியபாய் போனை எடுத்துவிட்டாள். “அக்கா? அக்கா, நீயா?” என்று சின்னதாகக் கேட்டது. மாமி திரையைத் தன் வயிற்றோடு பொத்திக்கொண்டாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“நீ வெளிய போயி பேசு. வெள்ளிக்கெழம வரண்டாம்னு செல்லு.”