எல்லைச்சாமிக்குப் போட்டுக் காட்டிய தமாஷ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. எதிர்வீட்டு ஜின்-போ, கோயில் தரையில் குப்புறப் படுத்து, சாமி மேசைக்கு அடியில் கைபேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, பின்புறம் கோபுரமாக உயர்ந்திருக்கக் கிடந்த கோலத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்கு இந்தப் பக்கம் கோயில் கமிட்டித் தலைவர், அந்தப் பக்கம் தலைநகர் தாய்பேயிலிருந்து வந்த தொலைக்காட்சி நடிகர், எல்லோரும் அதே கோலம். இதைப் பார்த்த பிறகும் ஒருத்தி கதை எழுதாமல் இருந்தால் அவளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று அர்த்தம்.

இந்த ஊருக்குக் குடிவந்த தமிழச்சி நான்; தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கமிட்டித் தலைவர் ஷுய்-யுவானுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

2

எப்படி ஆரம்பிப்பது?

'தொலைக்காட்சி நகைச்சுவை மதத்தைக் கேலி செய்யலாமா என்ற கேள்வி காலங்காலமாக...' வேண்டாம். தொலைக்காட்சி வந்தே காலங்காலம் ஆகவில்லை.

'கடற்காற்று சிப்பி வாடையைச் சுமந்து வந்த ஒரு மாலை...' எங்கள் ஊரில் எல்லா மாலையும் அப்படித்தான். காலையும் அப்படித்தான்.

'ஜின்-போவுக்குத் தூபக்கிண்ணம் கிடைத்த வருடம் பார்த்து, அவர் மகள் சாமியைக் கேலி செய்தாள்.' இது இருக்கட்டும். இதில்தான் சங்கதி இருக்கிறது.

தூபக்கிண்ணம் என்பது எங்கள் எல்லைச்சாமி தூதிகோங்கினுடையது. வருடத்துக்கு ஒரு வீட்டில் அது தங்கும். யார் வீட்டில் என்பதைச் சாமியே சொல்லுவார். ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் படித்து, பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். கட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் 'ஆம்'; தொடர்ந்து அதிக 'ஆம்' வாங்கும் வீட்டுக்கே கிண்ணம். இரண்டும் குப்புற விழுந்தால் 'இல்லை'. இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக மல்லாந்து விழுந்தால் சாமி சிரிக்கிறார்.*

* நம் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பார்களே, அதுபோல. ஆனால் நம் சாமிகளுக்கு இந்த மூன்றாவது வசதி கிடையாது. பாவம், அவர்கள் சிரிக்க வேண்டுமென்றால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜின்-போ கல்யாணமான வருடத்திலிருந்து பெயர் கொடுத்து, வருடா வருடம் 'இல்லை' வாங்கியவர். இந்த வருடம் கட்டைகள் அவர் பெயருக்கு 'ஆம்', 'ஆம்' என்று விழுந்துகொண்டே இருந்தன. மனிதர் அழுதுவிட்டார். கிண்ணம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொலைக்காட்சிச் சத்தத்தைக்கூடக் குறைத்துத்தான் வைப்பார்.

அந்தத் தொலைக்காட்சியில்தான் வந்தது வினை.

3

மகள் பெய்-ஷான் தாய்பேயில் சனிக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதுகிறாள். 'சாமி வீட்டுச் சமையலறை' என்று ஒரு சின்ன நாடகத் துண்டு. ஒட்டுத்தாடியுடன் ஆ-குவாங் என்ற நடிகர்தான் தூதிகோங். யார் வந்து என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவார். உள்ளேயிருந்து சாமியம்மா கத்துவாள்: "வீட்டுல அரிசி இல்ல, ஊருக்கு வரம் குடுக்குறாராம்!" சாமி நடுங்கிக்கொண்டே, படையலில் இருக்கும் கடலை மிட்டாயை எடுத்துச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொள்வார்.

நாடே சிரித்தது. எங்கள் ஊர் மட்டும் சிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டது.

[ஷுய்-யுவானை வில்லனாக்கப் பார்த்தேன். புருவத்தை அடர்த்தியாக்கினேன், குரலைத் தடிப்பாக்கினேன். ஒத்துவரவில்லை. சாமி முகத்தில் படியும் புகைக்கரியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கும்போது, "கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துடைக்கிற ஆள் அவர். அப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? விட்டுவிட்டேன்.]

அவர் ஜின்-போ வீட்டு வாசலுக்கு வந்தபோது ஜின்-போவின் மனைவி யூ-யே சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வருத்தப்படுவதைக் கேள்விப்பட்டு பெய்-ஷான், ஆ-குவாங்கையும் இழுத்துக்கொண்டு அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.

"ஜின்-போ, இந்தா பாரு. ஒண்ணு உம் பொண்ணு அதை நிறுத்தணும். இல்ல, நீ தூபக்கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்துரணும். சாமியை ஒரு கையில கும்பிட்டு இன்னொரு கையில கிள்ள முடியாது."

 பெய்-ஷான்தான் வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா, லாட்டரிக் காய்ச்சல் அடிச்ச காலத்துல நம்பர் தப்பாச் சொல்லிட்டாருன்னு சாமிங்களைத் தூக்கி ஆத்துல வீசுனாங்களே, அவங்கல்லாம் யாரு? காமெடிக்காரங்களா? கையெடுத்துக் கும்பிட்டவங்கதானே!"

"அவனுங்க மடையனுங்க. நீ படிச்ச பொண்ணு."

"நான் சாமியைக் கடைக்காரரா நினைக்கல பெரியப்பா. வீட்டு மனுசரா நினைச்சேன். வீட்டு மனுசரைத்தானே கேலி பண்ணுவோம்?"

ஷுய்-யுவான் அவள் பக்கம் திரும்பினார். "எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் யார்கிட்ட போய் அழுதேன்? உன் டி.வி. பொட்டிகிட்டயா? நான் அழுத முகத்தைப் பார்த்து ஊரே சிரிக்குதும்மா. எனக்கு வலிக்குது."

  இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதி, நையாண்டியின் எல்லைகள் என்று நாலு பத்தி... எழுதினேன், கிழித்தேன். பெய்-ஷான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து முதன்முறையாகத் தன் வசனங்களுக்காக வெட்கப்பட்டாள். அதே நேரம், அவற்றை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. இரண்டும் நிஜம்.

அப்போதுதான் ஜின்-போ பேசினார்.

"கேலிக்கு ஆளானது அவரு. நாம ஏன் அடிச்சிக்கிறோம்? அவரையே கேட்ருவோம்."

"கேட்டா?"

"அதுக்கு முன்னாடி அவரு படத்தைப் பார்க்கணும்ல? பார்க்காம எப்படிச் சொல்லுவாரு?"

4

எங்கள் ஊரில் சாமிக்குப் படம் போட்டுக் காட்டுவது புதிதல்ல. நேர்த்திக்கடனாகத் திரை கட்டிப் படம் ஓட்டுவார்கள், முன்வரிசை சாமிக்கு. சண்டைப்படம், காதல்படம், பேய்ப்படம் எல்லாம் பார்த்துப் பழகிய சாமிதான். தன்னையே திரையில் பார்ப்பதுதான் அவருக்கு முதல் தடவை.

வெயில் இறங்கியதும் கோயில் முற்றத்தில் வெள்ளைத் திரை ஏறியது. முன்வரிசையில் சிவப்பு முக்காலிகள் காலியாக இருந்தன. பின்னால் கமிட்டி. ஆ-குவாங், "நம்ம நடிப்பை நேர்ல வந்து பாக்குறாரே" என்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி ஆட்கள் சிரிக்கக் கூடாது என்று கட்டுப்பாடாக உட்கார்ந்திருந்தார்கள். மிட்டாய் ஒளிக்கிற கட்டம் வந்ததும் ஒருவர் இருமினார். இன்னொருவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார், நிமிரவே இல்லை. ஏனென்றால் ஊதுபத்தி அணையும் முன்பே படையல் மிட்டாயைச் சட்டைப்பையில் போடுகிற பழக்கம் ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு.

யூ-யே புருஷனை இடித்தாள். "ஏய்யா, இது சாமியா, நீயா?"

ஜின்-போவின் காது சிவந்தது.*

* சாமியைக் கேலி செய்தாளா, அப்பாவைக் கேலி செய்தாளா என்று பிறகு பெய்-ஷானைக் கேட்டேன். "எனக்குச் சாமின்னா எப்படி இருப்பாருன்னு தெரியாதுக்கா. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுற ஒரே ஆள் எங்கப்பாதான். அதனால அவர் மாதிரி எழுதிட்டேன்" என்றாள். இதைக் கதையின் உச்சத்தில் வைத்திருக்கலாம். கைதவறி அடிக்குறிப்பில் விழுந்துவிட்டது. கிடக்கட்டும்.

5

படம் முடிந்தது. எல்லோரும் சாமி மேசைக்கு முன்னால் வந்தார்கள். கட்டைகளை ஷுய்-யுவான் எடுத்தார். பெயர், வீட்டு முகவரி எல்லாம் முறையாகச் சொன்னார். கேள்வியில்தான் சறுக்கினார்.

"நம்ம ஊர்ப் பொண்ணு உங்களை டி.வி.ல கேலி பண்றாளே, இது அடுக்குமா, நிறுத்தச் சொல்லவா, இல்ல ஜின்-போகிட்டேருந்து தூபத்தை வாங்கிரவா?"

கட்டைகள் இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு.

"மூணு கேள்வியை ஒரே மூட்டையாக் கட்டிக் குடுத்தா, சாமி எதுக்குன்னு தலையாட்டுவாரு?" என்றார் ஜின்-போ.

ஷுய்-யுவான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். "உங்களுக்குக் கோபமா?"

சிரிப்பு.

"இது கோபச் சிரிப்பு" என்றார் ஷுய்-யுவான்.

"கோபச் சிரிப்புன்னு ஒண்ணு இருக்கா பெரியப்பா?"

"உன் பெரியம்மா சிரிப்பா. எனக்குத் தெரியும்."

பெய்-ஷானுக்குத் தைரியம் வந்துவிட்டது. கட்டைகளை வாங்கினாள். "சாமி, படம் பார்த்தீங்கல்ல? உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் குப்புற.

இல்லை.

 கமிட்டி வெடித்தது. அத்தனை நேரம் அடக்கிய சிரிப்பெல்லாம் அணை உடைந்துவிட்டது. சாமிக்குக் கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படம் நன்றாக இல்லை, அவ்வளவுதான்! ஷுய்-யுவான்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டார். பெய்-ஷான் முகம் மட்டும் செத்துவிட்டது. நகைச்சுவை எழுதுகிறவளை நரகத்துக்குப் போ என்று சொல்லுங்கள், போய்விட்டு வந்து அதைப் பற்றியும் எழுதுவாள். சிரிப்பு வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"எங்க தப்பு? சொல்லுங்க, எங்க தப்பு?"

"நான் சொல்றேன்" என்றாள் யூ-யே. "அந்தச் சாமியம்மா வாயில ஒரு நல்ல வசனம் இல்ல. சும்மா கத்துறா. நான் உங்கப்பனை இதைவிட எவ்வளவோ நல்லாத் திட்டுவேன். திட்டிட்டுச் சோறும் போடுவேன். உன் சாமியம்மா என்னிக்குச் சோறு போட்டா?"

"அழுதுக்கிட்டு வர்றவன் ஒருத்தன்கூட உன் படத்துல வரலியே" என்றார் ஷுய்-யுவான். "எல்லாரும் நம்பர் கேக்கத்தான் வர்றானுங்க. நான் வந்தா அவரு என்ன பண்ணுவாரு?"

ஆ-குவாங் மெல்லச் சொன்னார்: "மிட்டாய் குடுப்பாரு. கையில ஒளிச்சு வச்சிருக்காருல்ல, அதை எடுத்துக் குடுப்பாரு."

 ஷுய்-யுவான் மூக்கை உறிஞ்சினார். "சம்சாரம் பார்க்காதப்ப குடுப்பாரு" என்று திருத்தினார்.

6

[இங்கேயே முடித்திருக்கலாம். எல்லோரும் சமாதானம், நெஞ்சு நெகிழ்ந்தது, திரை. ஆனால் தூபக்கிண்ணம் இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது. ஷுய்-யுவான் தன் நிபந்தனையை வாபஸ் வாங்கவில்லை. தவிர, நான் முதல் பத்தியிலேயே ஜின்-போவைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டேன். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.]

ஜின்-போ கட்டைகளை எடுத்தார். 

"சாமி, எம் பேரு ஜின்-போ. தூபம் எங்க வீட்டுலதான் இருக்கு. எம் பொண்ணு இன்னும் நல்லா எழுதுவா. எழுதட்டுமா? வேணாம்னா சொல்லிருங்க. அவளை நான் நிறுத்த மாட்டேன். தூபத்தைக் குடுத்துடறேன்."

"அப்பா, வேணாம்பா!"

அதற்குள் போட்டுவிட்டார். அவசரத்தில் கொஞ்சம் பலமாகவே போட்டுவிட்டார். ஒரு கட்டை அங்கேயே மல்லாந்தது. மற்றது உருண்டு, துள்ளி, சாமி மேசைக்கு அடியில் போய் மறைந்தது.

விழுந்த கட்டையைப் படிக்கும் முன் தொடக்கூடாது. தூபம் எரிகிற மேசையை நகர்த்தவும் கூடாது. வேறு வழி? ஷுய்-யுவான்தான் முதலில் படுத்தார். அடுத்து ஜின்-போ, ஆ-குவாங், கமிட்டி, கடைசியில் பெய்-ஷான். மேலே சாமி வீற்றிருக்க, கீழே ஊரின் பெரிய மனிதர்கள் வரிசையாகக் குப்புற.

"தெரியுதா?"

"உன் தலையை எடுடா, உன் தலைதான் தெரியுது."

"இது என்னது, கட்டையா?"

"அது என் மிட்டாய்" என்றார் ஜின்-போ.

அவ்வளவுதான். ஆ-குவாங்கிடமிருந்து ஒரு கனைப்பு வந்தது. பெய்-ஷான் சிரித்துச் சிரித்துப் புரண்டு மல்லாந்துவிட்டாள். ஜின்-போ அவளை முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, அவரும் புரண்டார். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். இரண்டும் மல்லாந்தால் என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

"இதை மட்டும் டி.வி.ல போட்ட... பாரு!"

"அதுக்கும் அவரைத்தான் கேக்கணும்பா."

7

முடிவு.

ஷுய்-யுவான் கடைசியில் அந்தக் கட்டையைப் பார்த்தார். அவர் சொன்னதை நானும் கேட்டேன். இங்கே எழுதப் போவதில்லை. சாமியிடம் கேட்டதற்குச் சாமி சொன்ன பதில் அது. அதை ஊருக்கெல்லாம் சொல்ல நான் யார்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியே கிடந்த கட்டை மல்லாந்து கிடந்தது. அப்படியென்றால் உள்ளே கிடப்பது எப்படி விழுந்திருந்தாலும் 'இல்லை' என்று ஆகவே முடியாது. 'ஆம்', அல்லது சிரிப்பு; எப்படியும் தூபம் ஜின்-போ வீட்டிலேயே இருக்கும். பிறந்ததிலிருந்து கட்டை போடுகிற ஊரில் இது யாருக்கும் தெரியாமல் இருக்காது. ஜின்-போ படுக்கும் முன்னால் அந்த ஒற்றைக் கட்டையைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். ஷுய்-யுவானும் அந்தக் கட்டையைத்தான் பார்த்தார். தெரிந்துகொண்டேதான் படுத்தார்கள்.

ஏன் படுத்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கட்டை எப்படிக் கிடந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் நீங்களும் குனிந்து பாருங்கள். சட்டை அழுக்காகாது, தரையை ஷுய்-யுவான் தினமும் கழுவுகிறார்.