எழுபதாவது நிமிடத்து மாப்பிள்ளை

வெளிநாட்டு மாப்பிள்ளைமார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது கடவுளுக்கும் அந்தந்த நாட்டு வரி அலுவலகத்துக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். விசுவமடுத் தவராசா இதில் இரண்டு தரம் சூடு கண்டவர். மகள் தேனுகாவுக்கு முதலில் பேசி வந்த பாரிஸ் மாப்பிள்ளையை ஹோட்டல் மனேச்சர் என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், ஆள் அந்த ஹோட்டலின் எச்சில் கோப்பைகளை மட்டும்தான் நிர்வகிக்கிறார். அடுத்து வந்த கனடாக்காரருக்குச் 'சொந்தத் தொழில்'. என்ன தொழில் என்று கேட்டதற்கு மாப்பிள்ளையின் தாயே, “அதை நாங்களும் கேக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டா.

ஆகவே மாங்குளம் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் விமலேஸ்வரி, மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்த தன் தமையன் மகன் சாருஜனின் சாதகத்தோடு வந்து இறங்கியபோது, தவராசா அதைக் கையில் வாங்க முதலே கேட்டார்.

“பொடியன் என்ன செய்யிறார்?”

“பந்தடிக்கிறார்.”

“அது பின்னேரத்தில. பகலில என்ன வேலை?”

“அதுதான் அண்ணை வேலை. ஒன்பது வருசமாச் சம்பளத்துக்கு அடிக்கிறார். ரி.வி.யிலயும் காட்டுறவங்கள்.”

தவராசாவுக்கு உதைபந்தாட்டத்தின் மீது அந்த நிமிடமே பெரிய மரியாதை வந்துவிட்டது. அதுவரை அவர் வைத்திருந்த அபிப்பிராயம் வேறு. தேனுகா பள்ளிக்கூட அணிக்கும் பிறகு மாவட்ட அணிக்குமாக எட்டு வருடம் நடுக்களத்தில் விளையாடியவள். மைதானம் அவருடைய வயலுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஒரு நாளாவது சைக்கிளை நிறுத்தி மகளின் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயதானதும், “வெயிலுக்க ஓடிக் கறுத்துப்போனால் ஆர் வந்து கட்டுறது?” என்று சப்பாத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இப்போது இருபத்தேழு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ரீச்சராக இருக்கிறாள். அவள் கறுக்கவும் இல்லை, கட்டுவதற்கு ஒருவரும் வரவும் இல்லை.

சாதகம் பொருந்தியது. பத்துக்கு எட்டு. அதைவிடப் பெரிய கொடுப்பினை, இந்த மாப்பிள்ளையை விசாரிக்க யாருடைய காலையும் பிடிக்கத் தேவையில்லை. அவன் வேலை செய்வதை முழுசாக ஒன்றரை மணித்தியாலம் இன்டர்நெட்டில் பார்க்கலாம். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குத் தவராசா மடிப்புக் கலையாத சேட்டோடு ரி.வி.க்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வளவு ராஜரத்தினமும் அழைக்காமலே வந்து மற்றக் கதிரையில் உட்கார்ந்தார்.

“எது எங்கட ஆள்?”

“ஆறாம் நம்பர்,” என்றாள் தேனுகா. கொப்பி திருத்துகிற பாவனையில் அவளும் ஒரு மூலையில் இருந்தாள்.

“கோல் அடிப்பாரோ?” என்று ராஜரத்தினம் கேட்டார்.

“முன்னுக்கு நிக்கிறவை அடிப்பினம், பின்னுக்கு நிக்கிறவை மறிப்பினம். இவர் நடுவில நிண்டு ரெண்டு பகுதிக்கும் வேலை குடுக்கிறவர்.”

“அப்ப மனேச்சர்தான்,” என்றார் தவராசா திருப்தியோடு.

மனேச்சர் நன்றாகத்தான் ஓடினான். தலைமயிர் கலையாமல் ஓடினான். பந்து வந்தால் அழகாக நிறுத்தி, யாரிடமிருந்து வந்ததோ அவரிடமே திருப்பிக் கொடுத்தான். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்று தவராசா உருகிப்போனார். எழுபதாவது நிமிடத்தில் கரையில் நின்ற ஒருவர் இலக்கம் எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டினார். சாருஜன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவனுடைய இடத்துக்கு வேறொரு பொடியன் ஓடி வந்தான்.

தவராசா கதிரையை விட்டு எழும்பினார். ராஜரத்தினம் பார்க்கக்கூடாதென்று முற்றத்துக்குப் போய் விமலேஸ்வரிக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, பொடியனை வேலையால நிப்பாட்டிப்போட்டினம் போல கிடக்கு. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கவே!”

“ஐயோ அண்ணை, அது களைக்கக்கூடாதெண்டு கூப்பிடுறது. ஒவ்வொரு கிழமையும் அப்பிடித்தான். அவ்வளவு கவனமாப் பாக்கினம் அவரை.”

முழுச் சம்பளத்துக்கு முக்கால்வாசி வேலை. அரசாங்க உத்தியோகத்தில்கூட இப்படியொரு சலுகை கிடையாது என்று தவராசா மனம் தேறி உள்ளே வந்தார். ஒன்பது வருடத்தில் ஐந்து கழகங்கள், நடுவில் மலேசியாவில் ஒரு சீசன், மொத்தம் நாலு கோல், அதிலும் ஒன்று முதுகில் பட்டுப் போனது. இவ்வளவும்தான் சாருஜனின் விளையாட்டு வாழ்க்கை. ஊருக்குள் சொல்லும்போது தவராசா நாலை நாற்பதாக்கினார். கழகங்களின் எண்ணிக்கையில் மட்டும் கை வைக்கவில்லை. ஐந்து இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

தேனுகா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “பத்து நாள் தாங்கோ அப்பா. வடிவாப் பாத்திட்டுச் சொல்லுறன்,” என்றாள். பார்ப்பது என்றால் மற்றப் பெண்கள் படத்தைப் பார்ப்பார்கள். இவள் போன சீசனில் அவன் ஆடிய இருபத்தாறு மட்ச்சையும் ஒன்று விடாமல் பார்த்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்ட கையோடு ரி.வி.யைப் போட்டு, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, திரும்பவும் பார்த்தாள். பிள்ளை ஆசைப்பட்டுவிட்டாள் என்று தவராசாவுக்கு வாயெல்லாம் பல். வாழ்க்கையில் முதல் தரமாக, கேட்காமலே டேட்டா போட்டுக் கொடுத்தார்.

பத்தாம் நாள் குசினிக்குள் தாயும் மகளும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணி குடிக்கப் போன தவராசா கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். ஒட்டுக் கேட்பது அவருக்குப் பிடிக்காத பழக்கம்; இதை அவர் தகப்பனின் கடமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

“ஆள் கெட்டிக்காரனம்மா. பந்தைத் தொடுற விதமே வடிவு. எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் தேனுகா.

“பிறகென்னடி?” என்றா ஜெகதீஸ்வரி.

“போன வருசம் அவர் கிறவுண்டில நிக்கேக்க அவையளுக்கு நாப்பத்தொரு கோல் விழுந்தது. ஒவ்வொரு கோல் விழேக்கையும் நான் பந்தைப் பாக்கேல்லை, அவரைத்தான் பாத்தனான். நாப்பத்தொரு தரமும் கையை விரிச்சு மற்ற ஆளைப் பாத்துக் கத்திக்கொண்டு நிக்கிறார். அதில ஒரு பத்துக் கோலாவது அவர் விட்ட பிழை. நானும் அதே இடத்தில நிண்டு விளையாடினனான், எனக்குத் தெரியும். ஒருக்காவாவது நெஞ்சில கையை வைச்சு, 'நான்தான்' எண்டு காட்டேல்லை.”

“அதுக்கு?”

“நாளைக்குக் கறி அடிப்பிடிச்சாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆரைப் பாத்துக் கையை விரிப்பார்? அந்த வீட்டில வேற ஆளில்லையம்மா. நான்தான் நிப்பன்.”

“ஆம்பிளையள் எல்லாம் அப்பிடித்தான் பிள்ளை,” என்றா ஜெகதீஸ்வரி. மழை பிந்தியதற்கும் நெல் வியாபாரி ஏமாற்றியதற்கும் முப்பது வருடமாக அந்த வீட்டில் பொறுப்புச் சொல்லி வருபவ அவதான்.

“ஒரே ஒரு கேள்வி கேக்கிறன். போன சீசன் கடைசி மட்ச்சில விழுந்த மூண்டாவது கோல் ஆற்ர பிழையெண்டு. என்ர பிழையெண்டு அவர் சொன்னால், நான் ஓம். சொல்லாட்டி வேண்டாம். அவ்வளவுதான்.”

கதவுக்கு வெளியே தவராசா துள்ளிக் குதிக்காத குறை. ஒரே ஒரு கேள்வி! அதற்கு விடையையும் பிள்ளையே சொல்லிவிட்டாள்! தண்ணி குடிப்பதை மறந்து கிணற்றடிக்குப் போய் மாங்குளத்துக்குப் போன் எடுத்தார். பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாள் வெளியே போவது இந்த நாட்டில் புதினமில்லை என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானமும் சொன்னார்.

“தங்கச்சி, பிள்ளை ஒரு கோலைப் பற்றிக் கேப்பாள். தன்ர பிழையெண்டு பொடியனைச் சொல்லச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“எங்கட பொடியனில என்ன பிழை?”

“ஒரு பிழையும் இல்லை. பிழையெண்டு சொன்னால் சரி.”

“இல்லாத பிழையை ஏன் அண்ணை ஒப்புக்கொள்ளுறது?”

இப்படிப் பத்து நிமிடம் கிணற்றைச் சுற்றி நடந்த பிறகு, மருமகனின் எதிர்காலத்தை எண்ணி விமலேஸ்வரி மனமில்லாமல் சம்மதித்தா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவவே ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வந்துவிட்டா. மேசையில் செம்புக்குச் சாய்த்துப் போனை வைத்தார்கள். அதற்கு முன்னால் தேனுகா. போனுக்குப் பின்பக்கம், மாப்பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில், மற்ற மூவரும். மெல்பேர்ணிலிருந்து சாருஜன் சிரித்தான். பல் வரிசையும் தலைமயிரும் ரி.வி.யில் பார்த்ததைவிட நன்றாக இருந்தன. சுகம் விசாரித்தான். இடியப்பம் விருப்பம் என்றான். பிறகு தேனுகா கேட்டாள்.

“போன சீசன் கடைசி மட்ச், அறுபத்திமூண்டாவது நிமிசம். அவையின்ர எட்டாம் நம்பர் நடுவால ஓடிவந்து அடிச்ச கோல். அது ஆற்ர பிழை?”

சாருஜனின் சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்கள் அதைப் பாத்தனீங்களா? முழு மட்ச்சும்?”

“இருவத்தாறு மட்ச்சும் பாத்தனான்.”

“என்ட அப்பாவே பாக்கிறேல்லை,” என்றான் அவன். குரல் கொஞ்சம் உடைந்தது. எங்கோ ஒரு நாட்டில் முப்பது வயதை எட்டுகிற ஒருவன், பெற்ற தகப்பன் திரும்பியும் பார்க்காமல், கிழமைக்குக் கிழமை பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறான். தவராசா அந்த அவுஸ்திரேலியத் தகப்பனை மனதுக்குள் நன்றாக ஏசினார். ஏசி முடிக்க முதல், வயலுக்குப் போகிற வழியிலிருந்த அந்த மைதானம் அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. மகளைப் பார்க்காமல் செம்பைப் பார்த்தார்.

“அது... என்ட பிழை,” என்றான் சாருஜன். “நான் மறிக்கவேண்டிய ஆள்தான் அவன். நான் விட்டிட்டன்.”

தேனுகா சிரித்தாள். அலுமாரியைப் பூட்டிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை. வாயைப் பொத்தத் தோன்றாமல், முகம் முழுக்க. தவராசாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. அதே சூட்டில் கிளிநொச்சியில் மண்டபம் பிடித்து, கலியாணக் காட்டும் அடித்து, ராஜரத்தினத்துக்கு முதலாவது காட்டையும் மனதால் கொடுத்து முடித்தார்.

“பிழை என்ட. ஆனா...” என்றான் சாருஜன்.

அந்த 'ஆனா'வோடு அவன் போனை நிறுத்தியிருக்கலாம். மெல்பேர்ணில் கரண்ட் நின்றிருக்கலாம். வன்னியில் தேவையில்லாத நேரமெல்லாம் நிற்கிற கரண்ட்கூட அன்றைக்கு நிற்கவில்லை.

“ஆனா, லெஃப்ட் பேக் தன்ட இடத்தில நிக்கேல்லை. அவன் நிண்டிருந்தா நான் அங்க போயிருக்கத் தேவையில்லை. கோல்கீப்பரும் ஒண்டும் சொல்லேல்லை. அவன் கத்தவேணும்தானே? பிறகு கோச். அவர் என்னை முன்னுக்குப் போகச் சொன்னவர். கிறவுண்டும் ஈரம்.”

தவராசா போனுக்குப் பின்னால் நின்று விரலை வாயில் வைத்துக் காட்டினார். தலையை ஆட்டினார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். போன் பார்க்கிற பக்கத்தில் அவர் இல்லை. சாருஜன் நடுவருக்குப் போய், காற்றுக்குப் போய், சப்பாத்துக் கொம்பனிக்கும் போய் வந்தான்.

“மாமி, நீங்கள் சொல்லச் சொன்னமாதிரி என்ட பிழையெண்டு சொல்லிட்டன்தானே,” என்று கடைசியில் நியாயமும் கேட்டான். “ஆனா உண்மையும் தெரியவேணும்தானே?”

தேனுகா மெல்லத் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். தவராசா உடனே இரண்டு கையையும் விரித்து விமலேஸ்வரியைப் பார்த்தார்.

தேனுகாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. கோபமும் இல்லை. ஆசையாக வாங்கிய சட்டையை அளவு சரியில்லையென்று மடித்து வைக்கிறவளைப் போல இருந்தாள். அவளுக்கு அது வலித்தது என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தது. தவராசாவுக்கும் தெரிந்தது.

“விளங்குது அண்ணா,” என்றாள் தேனுகா, போனைப் பார்த்து. “இனி வாற மட்ச் எல்லாம் நல்லா விளையாடுங்கோ அண்ணா.”

ஒரு தரம் சொல்லியிருந்தால் வாய் தவறியது என்று சமாளிக்கலாம். ஜெகதீஸ்வரி தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் திரும்பிவிட்டா. விமலேஸ்வரி பாதி உரித்த கதலிப் பழத்தை மேசையில் வைத்தா. தவராசா கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

மெல்பேர்ணில் மட்டும் ஒருவனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அங்கத்தைய கோயிலில் பெரியவர்களிடம் மரியாதையாக நடக்கிற பிள்ளைகள்தான் அவனை அப்படிக் கூப்பிடுகிறவர்கள்.

“அண்ணாவெண்டு எவ்வளவு மரியாதையாக் கதைக்கிறா, மாமி!” என்றான் சாருஜன் முகம் மலர. “எனக்குச் சரி. எப்ப டிக்கெட் போடட்டும்?”