விருமாண்டி வகுப்பில் இருக்கிறார்

...ஆனால் விதியை எழுதியது நான்தானே, வழிகாட்டி முத்துக்குமரன் சார் இல்லையே, அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு கணக்கு, ஒரு மாணவி, ஒரு குரல்... எழுதியபோது எவ்வளவு நன்றாக இருந்தது, சுவரொட்டி அடிக்கலாம் போல, சார்கூட வாசித்துவிட்டு, "இப்பத்தாம்மா இது ஒரு கோர்ஸ் மாதிரி இருக்கு" என்றார், அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பி.எட். கடைசி வருஷச் செயல்திட்டம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மின்னியல், சின்னச் சின்னப் பாடங்கள், வீடியோவில் என் கையும் குரலும் மட்டும் வரும், முகம் வராது, முகம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் பதிலைத் தங்கள் சொந்த வார்த்தையில் போனில் பேசி அனுப்ப வேண்டும். எல்லாப் பாடமும் தேறியவர்களுக்கு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு நாள், நிஜமான பேட்டரி, நிஜமான கம்பி, தொட்டுப் பார்க்கலாம், கழற்றிப் பூட்டலாம். கோர்ஸில் பதிந்த ஒரு கணக்குக்கு ஓர் இடம். இன்று சாயங்காலத்துக்குள் தேறியவர்களின் பெயர்களை சாருக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் சங்கிலி என்பவர் பெயரில் இருக்கிற கணக்கை நீக்கிவிட வேண்டும். நீக்கு என்ற பொத்தான் சிவப்பாக இருக்கிறது, அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

சார் நல்லவர். நல்லவராக இருப்பதுதான் தொல்லை, கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். மதியம் துறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சங்கிலி கணக்கிலிருந்து வந்த பதில்களைப் பொறுமையாகக் கேட்டார், கேட்கக் கேட்கப் புருவம் ஏறிக்கொண்டே போனது. "மொதப் பாடத்துல பேசுற பிள்ளை வேற, ரெண்டாவதுல பேசுற பிள்ளை வேற. கவனிச்சியாம்மா?" கவனித்தேன் சார். "இதுக்குப் பேரு ஆள் மாறாட்டம். வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர் இதக் கேட்டா ஒன் மொத்தக் கோர்ஸும் பொய்யின்னுருவாரு. ரெண்டு வருசப் படிப்பு, ஒரே நிமிசத்துல போயிரும். நீ எழுதுன விதிதான, நீயே எடுத்துரு." சரிங்க சார், ஊருக்குப் போற பஸ்லயே எடுத்துர்றேன் சார், என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அங்கேயே எடுக்கவில்லை, ஒரு விரல் வேலை, பையில் போனை வைத்துக்கொண்டு நாகமலையை வேடிக்கை பார்க்கிறேன், அதுவும் ஜன்னலை விட்டுப் போவேனா என்று கூடவே வருகிறது.

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம், கேட்டுவிட்டு நீக்கலாம், நீக்குவதற்குக் கேட்கிறேனா நீக்காமலிருக்கக் கேட்கிறேனா... பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஏதோ ஒன்று, கணக்கில் இருப்பது சங்கிலி என்ற பெயரும் ஒரு போன் நம்பரும்தான். முதல் பாடத்தில் ஒரு கரகரத்த குரல், "மின்னழுத்தம்னா... மேல தொட்டி இருக்குல்ல டீச்சர், கீழ கொழா இருக்குல்ல, அந்த ஒசரந்தான் தண்ணியத் தள்ளுது, அது மாதிரி." நான் வீடியோவில் இப்படிச் சொல்லவில்லை, புத்தகத்திலும் இல்லை, அந்தப் பிள்ளையே கண்டுபிடித்தது. இரண்டாம் பாடத்தில் கீச்சுக் குரல், மேடையேறிய பேச்சுப்போட்டிக்காரி போல மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. மூன்றாவதில் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, பிறகு, "ஏய், நீயே சொல்லுடி", "போடி, நேத்து நாந்தான சொன்னேன், இன்னைக்கு ஒன் மொறை", பின்னால் ஒரு மாடு, ஒரு குக்கர் விசில், தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், "போனக் குடுங்கத்தா, ஒரே ஒரு பேச்சு பேசிட்டுத் தாரேன்." சிம்மக்கல் விடுதியறையில் லோடு ஆட்டோ சத்தம் விழக்கூடாது என்று போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற நான் பாடம் பதிந்தேன், இதுகள் மாட்டையும் குக்கரையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறதுகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். ஒன் மொறை... இதை யார் என்னிடம் சொல்வார்கள், இதே இழுப்போடு, பாண்டீஸ்வரிதானே.

எழுமலையில், கொரோனா வருஷம், நான் பிளஸ் டூ, எங்கள் தெருவில் ஒழுங்காகச் சிக்னல் எடுத்த இடம் பாண்டீஸ்வரி வீட்டு மொட்டைமாடி, வகுப்புக்கு ஆகிற மாதிரி இருந்த போன் அவள் அப்பா விருமாண்டியுடையது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாண்டீஸ்வரி, முனியாயி, நான், மூன்று பேர். செங்கல்லில் போனைச் சாய்த்து வைப்போம். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும், நாங்களும் செங்கல்லும் அதன் பின்னாலேயே நகர்வோம், இயற்பியல் தொடங்கும்போது மூவருக்கும் இருக்கும் நிழல் கணக்குப் பாடத்தில் ஒருத்திக்குத்தான் காணும், அதற்கும் முறை வைத்தோம், போனுக்கு நேராக உட்காருவதற்கும் முறை, பதில் சொல்வதற்கும் முறை. எங்களுடையது பெண்கள் பள்ளி, திரையைப் பார்த்தால் ஊர்க்கூட்டம் போல இருக்கும், விருமாண்டி, சிவனாண்டி, அழகுபாண்டி, பாண்டிராஜ் ஆட்டோ... யார் போனோ அவர் பெயர். முதலில் பெயரை மாற்றத் தெரியவில்லை, தெரிந்த பிறகு மாற்ற மனசு வரவில்லை. விருமாண்டி மாமா உசிலம்பட்டி மார்க்கெட்டில் பூ வியாபாரம், பாதி வகுப்பில் அவருக்கு அழைப்பு வரும், முனியாயி எடுத்துக் கொஞ்சமும் சிரிக்காமல், "அவரு கிளாஸ்ல இருக்காருண்ணே, அப்பறமாப் பேசுங்க" என்பாள். மார்க்கெட் முழுக்க இது பரவி, "என்ன மாப்ள, பரீச்சைக்குப் படிச்சிட்டியா" என்று அவரைக் கேலி செய்தார்களாம், அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, "பிசிக்ஸ் மட்டும் கொஞ்சம் இடிக்குது" என்றாராம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், ஊரே மூச்சுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அதை இப்போது சொன்னால் யாராவது நம்புவார்களா, எனக்கே அந்த வெயில் வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்தது ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன், அப்பா வீரணன் அதை மடியிலிருந்து எடுத்தால் மூடி தனியாக வரும். ஆகவே அந்த வருஷம் எந்தத் திரையிலும் என் பெயர் இல்லை. ஆனால் எங்களுக்கு வகுப்பெடுத்த கனகா டீச்சர் திரையில் இருந்த பெயர்களைக் கூப்பிட்டதே இல்லை. "விருமாண்டி வீட்டு மாடி... பாண்டீஸ்வரி?" உள்ளேன் டீச்சர். "முனியாயி?" உள்ளேன் டீச்சர். "ரோகிணி?" அதற்காகவே தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருப்பேன், உள்ளேன் டீச்சர், கீழே தெருவில் போகிறவருக்கும் கேட்கிற மாதிரி. ஒரு நாள் முறை தவறி முனியாயிக்குப் பதில் நான் பேசிவிட்டேன், "முனியாயி தொண்டை கட்டியிருந்தா கசாயம் குடிக்கச் சொல்லு ரோகிணி" என்றார் டீச்சர், முகம் தெரியாது, வெறும் குரல்தான், அவருக்கு மூன்று குரலும் தெரிந்திருந்தது. அப்போது அதில் ஆச்சரியப்பட எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை, டீச்சர் என்றால் தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எத்தனை கோர்ஸ், கல்லூரியில் போன் வந்தது, என் பெயரிலேயே கணக்கு வந்தது, கிடைத்ததிலெல்லாம் சேர்ந்தேன், துணி துவைக்கும்போது ஓடவிட்டேன், வேகத்தைக் கூட்டி ஓடவிட்டேன், நடுவில் கேள்வி வந்தால் சோப்புக் கையோடு ஓடிவந்து எதையாவது அமுக்கினேன், சான்றிதழ்கள் மெயிலில் குவிந்து கிடக்கின்றன, ஒன்றிலிருந்தாவது ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா. ஆனால் ஓம் விதியை எப்போது படித்தேன் என்று கேட்டால், மாடியில் தொட்டி நிழல் சுவரைத் தொட்ட நேரம் என்று சொல்வேன். அந்தக் கோர்ஸ்களிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அன்புள்ள ரோகிணி, மூன்று நாட்களாக உங்களைக் காணவில்லையே என்று கடிதம் வரும், முதல் தடவை நெஞ்சு இளகிப்போய்ப் பதில்கூட எழுதினேன், காய்ச்சலாக இருந்தது, மன்னிக்கவும் என்று, அது மிஷின் என்று பிறகுதான் தெரிந்தது, அசட்டுத்தனம். அந்த அசட்டுத்தனம் தெரிந்த நானே என் கோர்ஸிலும் அதே கடிதத்தை வைத்தேன். அன்புள்ள சங்கிலி, மூன்று நாட்களாக உங்களைக் காணவில்லை... கர்மம், யாருக்குப் போயிருக்கும் அது.

செக்கானூரணி தாண்டியாயிற்று, கருமாத்தூர் வரப்போகிறது, வெயில் சாய்ந்துவிட்டது. விதியை அப்படியே வைத்தால் மூன்று பேரும் போய்விடுவார்கள். ஒருத்திக்கு இடம் கொடுத்தால் யாருக்கு, தொட்டித் தண்ணீர் சொன்ன பிள்ளைக்கா, அப்போது முறை வைத்து உட்கார்ந்த மற்ற இரண்டும்... மூவரையும் சேர்த்தால் எக்ஸாமினர் முன்னால் நான் பொய்க்காரி. இதில் ஒன்று மட்டும் குளிர்ந்த தண்ணீராக மண்டையில் விழுகிறது, என் கோர்ஸ் அந்த வருஷம் இருந்திருந்தால் விருமாண்டியை நீக்கியிருக்கும், விருமாண்டியோடு நானும் போயிருப்பேன். எனக்கு எப்படி அது தோன்றாமல் போயிற்று, போர்வைக்குள் உட்கார்ந்து விதி எழுதிய மகாராணிக்கு... ஓர் ஆளும் ஒரு போனும் ஒன்று என்று நினைக்கிற அளவுக்கு எப்போது ஆனேன். கனகா டீச்சருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, நாங்கள் யாரும் சொல்லவில்லையே, பள்ளிப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கும் சரி, யார் எந்த மாடியில் என்று எதில் இருக்கும்... அட, மாமாதான் சொன்னாரே, வகுப்பு தொடங்கிய வாரம், படியேறி வந்து, "ஒங்க டீச்சரு போன் போட்டுச்சுத்தா, மாடில எத்தன பிள்ளைக, என்னென்ன பேருன்னு கேட்டுச்சு" என்றார், அவ்வளவுதான், போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அம்புட்டுத்தானா. நான் நம்பரை வைத்துக்கொண்டு, மிஷினை விட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

கணக்கில் இருந்த நம்பரை அமுக்கினேன், எதற்குப் பயப்பட வேண்டும், சங்கிலி என்ன புலியா. ரிங் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தார்.

"யாரும்மா?"

மதுரையிலிருந்து ஆன்லைன் பாடம் எடுக்கிற ரோகிணி என்றேன். அந்தப் பக்கம் குரல் உடனே எழுந்து நின்றுவிட்டது. "வணக்கம் டீச்சர். நீங்கதான் அந்தக் கடுதாசி போட்டீகளா? மூணு நாளா என்னயக் காணோம்னு? பிள்ளைக வாசிச்சுக் காட்டுச்சுக. நான் எங்கயும் போகல டீச்சர், கரும்பு வெட்டுக்குப் போனேன், போனும் எங்கூட வந்துருச்சு. பிள்ளைக மேல தப்பில்ல." அவர் விளக்கம் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கரித்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லைண்ணே, பாடம் படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுங்கள், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கும்மா?" என்றார். "எம்மக இருக்கா, எந்தம்பி மக இருக்கா, எதுத்த வீட்டுப் பிள்ளையும் வந்துருக்கு, மூணும் இங்கனதான் உக்காந்திருக்குக. பேரச் சொல்லுங்க, குடுக்குறேன்."

பெயர்... என் கோர்ஸில் மதிப்பெண்ணுக்குக் கட்டம் உண்டு, பார்த்த நிமிஷங்களுக்குக் கட்டம் உண்டு, பெயருக்கு ஒரே ஒரு கட்டம், அதில் இவர் உட்கார்ந்திருக்கிறார். கரகரத்த குரலைத் தெரியும், கீச்சுக் குரலைத் தெரியும், சிரிக்கிறதைத் தெரியும், தெருவில் பார்த்தால்கூடக் குரலை வைத்துப் பிடித்துவிடுவேன். பஸ் கருமாத்தூரில் நின்றது, கீரைக்கட்டு அம்மா இறங்கினார், நடத்துநர் யாரையோ சீக்கிரம் ஏறு என்கிறார். ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே என்றேன், போட்டார். அந்தப் பக்கம் யார் முறை என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள் போல, ஒருத்தி தொண்டையைச் செருமுகிறாள், அந்தச் செருமலை எனக்குத் தெரியும், அது கூப்பிடுவதற்கு முன்னால் வருவது. வருகைப்பதிவு எடுக்க வாயைத் திறந்துவிட்டேன், கூப்பிட ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.